கப்பல் சாம்பல்

டாக்டரம்மா எங்க வீட்டுக்காரரோட எக்ஸ்ரேவை வெளிச்சத்துல புடிச்சிக்கினே கேட்டாங்க: "இவரு இன்னா வேலை பாத்தாரு?"

"சென்னை ஹார்பர்ல கப்பல் ரிப்பேருங்க. இருபத்திரண்டு வருஷம்"னு நான் சொன்னேன். அவரு, முனிரத்தினம், ரெண்டு வார்த்தை சேந்தாப்புல பேசினாலே மூச்சு வாங்குது. அதனால எல்லாத்துக்கும் நான்தான் பதில்.

பாய்லர் குழாய் மேல பூசின பழைய வெள்ளைப் பூச்சைக் கொத்தி எடுக்கிற வேலை. அது ஆஸ்பெஸ்டாஸாம். அந்தத் தூசி நுரையீரல்ல குத்திக்கினு கெடந்து, முப்பது வருஷம் கழிச்சுக்கூட வேலையைக் காட்டுமாம். "அவரு துணி துவைச்சவங்க, வீட்டுல அந்தத் தூசியைத் தொட்டவங்க எல்லாரும் வந்து பாத்துக்கணும்மா"ன்னாங்க.

தொட்டவளா நானு? கேட்டு வாங்கினவ.

பாவு பிணைக்கிறது என் தொழில். தறியில நீளவாக்குல ஓடற பழைய பாவு நூல் தீந்தா, புதுப் பாவோட நாலாயிரத்துச் சொச்சம் இழையையும் பழைய இழை நுனியோட ஒண்ணு ஒண்ணா விரலால முறுக்கிச் சேக்கணும். பட்டு வழுக்கும். பிடிப்புக்கு சாம்பல் தொட்டுக்குவோம். ஒருநாள் அவரு சட்டைப் பையில இருந்த வெள்ளைப் பொடியைத் தொட்டு முறுக்கிப் பாத்தேன். அடுப்புச் சாம்பல் அதுகிட்ட நிக்காது, கறையும் இல்ல. "இன்னும் கொஞ்சம் கொண்டாய்யா"ன்னு நான்தான் நச்சரிச்சேன். வாராவாரம் ஊருக்கு வரும்போது டிபன் டப்பாவுல அள்ளிக்கினு வந்தாரு. கப்பல் சாம்பல்னு பேரு வெச்சேன். பெரிய புத்திசாலின்னு என்னை நானே மெச்சிக்கினேன், பாவி.

எம்பொண்ணு கீர்த்திக்கும் அதை வெச்சுதான் தொழில் கத்துக்குடுத்தேன். ஐயம்பேட்டையில கட்டிக்குடுத்தப்போ, சீரோட ஒரு பெரிய டப்பா நெறைய அனுப்பினேன்.

ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு போன் போட்டேன். எடுக்கல. வேலையில உக்காந்தா அவ போனைத் தொடமாட்டா. அவரை வீட்டுல விட்டுட்டு ஷேர் ஆட்டோ ஏறினேன். வழி நெடுக ஒரே பயம். என்னைப் பத்தி இல்ல. எனக்கு அம்பத்தஞ்சு ஆயிடுச்சு, போனா போறேன். அவளுக்கு இருபத்தாறுதான் ஆவுது. அந்தப் பொடி எப்பவோ தீந்துபோயிருக்கணும்னு காமாட்சியை வேண்டிக்கினே போனேன்.

கதவு தொறந்திருந்துச்சு. ஜன்னல் வெயில்ல தறிகிட்ட கீர்த்தி உக்காந்துக்கினு இருந்தா. முழங்கால் பக்கத்துல அதே டப்பா, பாதிக்கு மேல காலி. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள விரலைப் பொடியில தொட்டா. மூஞ்சிக்கு நேரா வெச்சு ஃபூன்னு ஊதினா. வெயில்ல தூசி எழும்பி அவ மூக்குகிட்டயே நின்னுச்சு.

ஓடிப்போய் கையைப் புடிச்சேன். "ஊதாதடீ."

அவ சிரிச்சா. "இன்னாம்மா புதுசா சொல்ற? எட்டு வயசுல நீதானே சொல்லிக்குடுத்த. ஊதாம தொட்டா பட்டுல அப்பிக்கும்னு மண்டையில கொட்டுவியே."