போகிற வழி

ஆயுள் முழுக்க நகரப் பேருந்து ஓட்டிய மனுஷர் என் வீட்டுக்காரர். ஓய்வு பெற்றதும் என்ன ஆசைப்பட்டார் தெரியுமா? படுக்கையும் அடுப்பும் வைத்த வேன் ஒன்றை எடுத்துக்கொண்டு, கடல் தாண்டி ஒரு வெளிநாட்டில் இன்னும் ஓட்ட வேண்டுமாம்! செக்குமாட்டுக்கு லீவு கொடுத்தால் வேறு செக்கைத் தேடிப் போன கதைதான். வாயைத் திறந்து எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர் என்பதால் சரி என்று தலையாட்டினேன். அந்த நாட்டுக்கு விமானத்தில் போவது, அங்கே வேனை வாடகைக்கு எடுத்து ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை போய்த் திரும்புவது என்று முடிவாயிற்று. வரைபடத்தை விரித்தால் சாப்பாட்டு மேஜையே மறைந்துவிடும், அவ்வளவு பெரிய நாடு.

பென்சிலும் ரப்பருமாகத் தினமும் காலையில் உட்கார்ந்துவிடுவார்.

"இங்க ஒரு பெட்ரோல் பங்க் வரும். கூரை பாதி பிஞ்சு கிடக்கும். முன்னாடி ஒரு மஞ்ச நாற்காலி. அங்க நிறுத்தி நாம டீ போட்டுக்கலாம்."

"நேர்ல பாத்த மாதிரி அளக்கறீங்களே!"

அவர் சிரித்தார். நான் தையல் கடை வைத்திருக்கிறேன். அன்று மதியம் கடையில் கை ஓய்ந்த நேரத்தில், போனில் அந்தச் சாலையைத் தேடி யாரோ எடுத்த படங்களைப் பார்த்தேன். பாதிக் கூரை இருந்தது. மஞ்சள் நாற்காலியும் இருந்தது. இரண்டு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். அவருக்குப் போனில் பச்சைப் பொத்தானையும் சிவப்புப் பொத்தானையும் தவிர வேறு எதுவும் தெரியாது.

"யார் சொன்னா உங்களுக்கு?" என்று ராத்திரி சாப்பாட்டில் பிடித்துக்கொண்டேன்.

"எவன் சொல்லணும்? ரோடு தெரியுதுடி," என்றார் மென்றுகொண்டே.

அப்புறம் அவரை ஜோசியர் என்று கூப்பிட்டுக் கேலி செய்தேன். கேலி செய்தால் பயம் கொஞ்சம் குறைகிறது. ஆனால் ஒரு விஷயம் மட்டும் காதில் உறுத்திக்கொண்டே இருந்தது. போகிற வழிக்கெல்லாம் 'நாம' என்பார். திரும்புகிற வழி வந்தால் பேச்சு மாறிவிடும்.

"நீ திரும்பி வர்றப்ப வெயில் வலது பக்கம் அடிக்கும். அந்தப் பக்கத் திரைய கெட்டித் துணியில தை."

"ஏன், உங்களுக்கு அடிக்காதா வெயில்?"

"ஆமால்ல," என்று விழித்தார். பிறகு பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். பயணத்துக்கு முன் உடம்பைப் பரிசோதித்த டாக்டர், மனுஷன் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறார் என்று சொல்லி அனுப்பியிருந்தார். நான் வேறு என்ன நினைப்பேன்?

எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். என் தம்பியின் சரக்கு வேன்தான் பழகுவதற்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு வேனைச் சுற்றி நடந்தார். ஒவ்வொரு பக்கத்தையும் தொட்டுத் தொட்டுச் சொன்னார்.

"ரெண்டாவது கியர் முரண்டு பிடிக்கும், அதட்டாத. பின்கதவு தானா திறந்துக்கும், ஒரு கயிறு கட்டிக்கோ."

"என் தம்பி வண்டில பின்கதவு நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்டுச் சாமான்னாலே உங்களுக்கு நொட்டை சொல்லணும்!"

"இது இல்லம்மா. அந்த வண்டி."

வாடகைக்குச் சொல்லி வைத்திருக்கும் வண்டியை நாங்கள் படத்தில்தான் பார்த்திருக்கிறோம். நான் கேட்பதற்குள் சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"எடுத்துக்கிட்டேன்னு சொல்லு."

"எடுத்துக்கிட்டேன் மகாராசா," என்றேன்.

அவர் கை கழுவ உள்ளே போனார். அவருடன் வேலை பார்த்த கண்டக்டர், எல்லோரும் 'விசில்' என்று கூப்பிடுபவர், எங்களைப் பார்க்க வந்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"அண்ணி, அண்ணன் இப்ப என்ன பண்ணாருன்னு புரிஞ்சுதா?"

"ஓட்டச் சொல்லித் தர்றாரு."

"இல்ல அண்ணி. டெப்போவுல டிரைவர் மாறும்போது பண்றது அது. வண்டியச் சுத்தி நடந்து, குறையெல்லாம் சொல்லி, சாவியக் குடுப்பாங்க. அடுத்தவர் எடுத்துக்கிட்டேன்னு சொல்லணும். அப்பதான் இவரு இறங்கலாம்." வேனைத் திரும்பிப் பார்த்தார். "இறங்கறவரு பண்றது அண்ணி அது."

டீ கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். நான் நேரே அவர் உட்கார்ந்திருந்த மேஜைக்குப் போனேன்.

"எனக்கு ஒளிக்காம பதில் சொல்லுங்க. திரும்பி வர்றப்ப நீங்க எங்க இருப்பீங்க?"

வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதைத்தான் நானும் தேடறேன். நீ மட்டும்தான் தெரியறே. ஸ்டியரிங்க இறுக்கிப் பிடிச்சு, யாரையோ திட்டிக்கிட்டே வர்றே."

"பயணமும் வேணாம், ஒரு மண்ணாங்கட்டியும் வேணாம். ரத்து பண்ணுங்க!"

"பண்ணலாம். பண்ணிட்ட மாதிரியும் நினைச்சுப் பாத்தேன்." குரல் தாழ்ந்துவிட்டது. "நம்ம தெருவுலயும் நீ தனியாத்தான் வர்றே. கையில பால் பாக்கெட்டு."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதை யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

"போற வழியில இருக்கீங்களா?"

"பூரா இருக்கேன்," என்றார் சட்டென்று. முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "கடைசி வளைவு வரைக்கும் நான்தான் ஓட்டறேன். நீ வாயத் திறந்துக்கிட்டுத் தூங்கறே."

ரப்பரை எடுத்தேன். கரைக்குக் கரை அவர் இழுத்திருந்த நேர்க்கோட்டை, காகிதம் கிழிகிற மாதிரி அழித்தேன். பென்சிலை அவர் கையில் திணித்தேன்.

"இப்படி மேல போங்க. இந்த ஏரியச் சுத்துங்க. மலைக்கு அந்தப் பக்கம் இறங்கி, மறுபடி மேல."

"சுத்து வழிடி இது. எங்கயும் போய்ச் சேராது."

"சேரவே வேணாம். சேந்தாத்தானே திரும்பணும்? பெரிய நாடுதானே? வரைங்க."

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு ஏரியைச் சுற்றி வரைய ஆரம்பித்தார்.