ஆறாவது புகைக்கூண்டு

காலையிலிருந்து அரசியின் சோதனை அதிகாரி தோர்லியின் ஆட்கள் உர்சுலா வீட்டின் கற்சுவர்களைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தம்பி ஆம்ப்ரோஸ் கத்தோலிக்கப் பாதிரி; அந்தப் பாதிரிகள் நாட்டில் இருக்கவே கூடாது என்பது அரசியின் சட்டம். அரசியின் ஆட்கள் கையில் அகப்பட்டால் தூக்குமரம்தான்.

கூரைமேல் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று புகைக்கூண்டுகள் நின்றன. வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து மெச்சிவிட்டுப் போவார்கள். அந்த ஆறில் ஒன்று வெறும் வேஷம் என்பது அதைக் கட்டிய அப்பாவுக்கும் அவர் பிள்ளைகளுக்கும்தான் தெரியும். கூடத்தில் குளிர்காயக் கட்டிய கணப்புக்குள் நுழைந்து மேலே ஏறினால், சுவருக்குள் ஓர் ஆள் குந்தியிருக்க இடம். உச்சியில் காற்றுக்கு ஒரு சின்னத் துளை. ஆம்ப்ரோஸ் அங்கேதான் இருந்தான். அந்தக் கணப்பில் இதுவரை யாரும் நெருப்பு வைத்ததில்லை.

தோர்லி கைகளைத் தேய்த்துக்கொண்டு வந்தான்.

"என்னம்மா, இவ்ளோ பெரிய வீடு, கூடத்துல நெருப்பு இல்ல. வந்தவன் விறைச்சுச் சாகட்டும்னா?"

"மேல காக்கா கூடு கட்டியிருக்குங்க ஐயா. பத்த வச்சா கூடமெல்லாம் புகையும். அடுப்பங்கரைக்கு வாங்க, அங்க நல்லா எரியுது."

"புகைஞ்சா புகையட்டும். எம் பொண்டாட்டி சமையல்ல பழகின மூக்கு இது. பத்த வைங்க."

மறுத்தால் சந்தேகப்பட்டு அந்தக் கணப்பின் கல்லைத்தான் முதலில் பெயர்ப்பான். உர்சுலா இரண்டு சுள்ளிகளை மட்டும் பற்றவைத்தாள். அவள் கஞ்சத்தனத்தைப் பார்த்துச் சிரித்த தோர்லி, தடித்த கட்டையொன்றைத் தானே தூக்கிப் போட்டான். பாதிப் புகை கூடத்துக்குத் திரும்பியது. மீதி மேலே போனது.

இருமிவிடாதே தம்பி, இருமிவிடாதே என்று மனசுக்குள் மன்றாடினாள். மேலே ஏதோ உரசியது. அதை மறைக்கத் தானே பலமாக இருமினாள். தோர்லி காலை நீட்டிக்கொண்டு பீர் கேட்டான். அவள் குவளையோடு திரும்பியபோது மேலே சத்தமே இல்லை.

கேட்ட வரம் கிடைத்துவிட்டது. இப்போதுதான் அவளுக்கு நிஜமான பயம் வந்தது. சின்ன வயசிலிருந்தே இழுப்புக்காரன், அடுப்புப் புகைக்கே அரைநாள் இருமுகிறவன், எப்படி இவ்வளவு நேரம் சும்மா இருக்கிறான்? இருமு தம்பி. ஒரே ஒரு தடவை இருமு.

"இன்னொரு கட்டை போடுங்கம்மா," என்றான் தோர்லி.

உர்சுலா கணப்பின் முன் மண்டியிட்டாள். கையிலிருந்த பீர் முழுவதையும் நெருப்பில் கொட்டினாள். அணையாத கட்டையை வெறுங்கையால் வெளியே இழுத்தாள். கை வெந்தது அவளுக்குத் தெரியவில்லை. தோர்லி எழுந்து நின்றுவிட்டான்.

கல்லுக்குள்ளிருந்து ஒரு இருமல் கேட்டது. பிறகு இன்னொன்று.

"கடவுளே, உயிரோட இருக்கான்," என்று அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

தோர்லி வாசல் பக்கம் திரும்பி, ஏணி கொண்டுவரச் சொன்னான்.