பதினேழு வருஷமாகப் பதிவாகாத கல்யாணம்

ஹம்சாவுக்கும் சாய்சரணுக்கும் கல்யாணமாகிப் பதினேழு வருஷம் ஆகியிருந்தது. மயிலாப்பூரில் மண்டபம் பிடித்து, நானூறு பேருக்கு இலை போட்டு, மாப்பிள்ளையின் ஷூவைத் தொலைத்து, எல்லா முறைப்படியும் நடந்த கல்யாணம். ஆனால் அரசாங்கக் கணக்கில் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பது, தி. நகரில் ஒரு கன்சல்டன்ட் சொல்லித்தான் அவர்களுக்கு உறைத்தது.

குடும்பத்தோடு நியூசிலாந்துக்குப் போய்விடுவது என்று சாய்சரண் முடிவெடுத்திருந்தான். பெருங்குடியில் மென்பொருள் வேலை. எதையும் எக்ஸெல்லில் போட்டால்தான் அவனுக்கு மூச்சு வரும். இதற்கும் இருநூற்றுப் பதினான்கு வரிசையில் ஒரு ஷீட் தயாராகிவிட்டது. மகன் பிரணவின் டி.சி., எல்லாருக்கும் பல் வைத்தியம், கிரைண்டரை யாருக்குக் கொடுப்பது, சென்னை வீட்டிலேயே தங்கிவிடப்போகும் அப்பா வேம்புவுக்கு மாத்திரை வாங்கித் தருவது யார் என்று ஒவ்வொன்றுக்கும் தேதியும் நிறமும் கொடுத்திருந்தான்.

"என்னையும் ஒரு வரிசையில போட்டிருக்கான்," என்று வேம்பு மாடிவீட்டுக்காரரிடம் சொன்னார். "கிரைண்டருக்குக் கீழே."

கன்சல்டன்ட் தௌசீஃப் கோப்பைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தான். "மேரேஜ் சர்ட்டிபிகேட் எங்க சார்?"

"எடுக்கலையே."

"அப்படின்னா அந்த நாட்டைப் பொறுத்தவரைக்கும் உங்க ரெண்டு பேருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல சார்."

இதைக் கேட்ட வேம்புவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பேஷ்! அப்போ பதினேழு வருஷமா நம்ம ஆத்துல நடந்துண்டிருக்கறதுக்குப் பேர் என்ன?"

பதிவு செய்யக் கல்யாணப் போட்டோ வேண்டும் என்றார்கள். ஆல்பத்தில் அறுநூறு போட்டோ இருந்தது. அதில் முந்நூறில் யாராவது சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தாலி கட்டும் போட்டோவில் மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை. கேமராவுக்குக் குறுக்கே குனிந்த வேம்புவின் பின்புறம் மட்டும் பட்டு வேட்டியில் முழுசாகத் தெரிந்தது. கடைசியில், ஊஞ்சலில் இருவரும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு போட்டோ கிடைத்தது.

சார்பதிவாளர் அலுவலக வாசலில் மேஜை போட்டு விண்ணப்பம் எழுதிக்கொடுக்கும் உபைத், ஃபாரத்தில் கல்யாணத் தேதியைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"இன்னா சார், பதினேழு வருசமா பர்மிட் இல்லாம வண்டி ஓட்டிக்கினு கீற!"

உள்ளே பெஞ்சில் முக்கால்வாசிப் பேர் வீட்டை விட்டு ஓடிவந்த ஜோடிகள். பக்கத்தில் கழுத்து மாலையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண், வேம்புவைக் காட்டி ஹம்சாவிடம் மெதுவாகக் கேட்டாள். "அங்கிள் பிரச்சினை பண்ணுவாரா அக்கா?"

"அதைத் தவிர வேற எதுவும் பண்ணமாட்டார். சாட்சிக் கையெழுத்துக்கு வந்திருக்கார்," என்றாள் ஹம்சா. இன்னொரு சாட்சி, அவளோடு அடையாறு கிளினிக்கில் வேலை பார்க்கும் சகினா. இருவரும் பிசியோதெரபிஸ்டுகள். ஹம்சா பதினெட்டு வருஷமாக அடையாறின் முழங்கால்களை மடக்கி நீட்டி வருகிறவள்.

ஏதாவது காகிதம் விட்டுப்போயிற்றா என்று பார்க்க, ஹம்சா கணவனின் போனை வாங்கி ஷீட்டைத் திறந்தாள். நூற்று நாற்பத்தோராவது வரிசையில் அவள் விரல் நின்றது. 'ஹம்சா: செட்டில் ஆனப்புறம் பாத்துக்கலாம்.' தேதி இல்லை, நிறமும் இல்லை. அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். அதிகாரி பங்கஜம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ரெண்டு பேரும் முழு சம்மதத்தோடதானே பதிவு பண்றீங்க?"

"ஆமா மேடம்," என்றான் சாய்சரண்.

"யோசிக்கணும் மேடம்," என்றாள் ஹம்சா.

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னம்மா, மிரட்டிக் கூட்டிக்கிட்டு வந்திருக்காங்களா?"

"இவனா? மிரட்டவா?" வேம்புவுக்குச் சிரிப்பில் புரையேறியது.

ஹம்சா கணவன் பக்கம் திரும்பினாள். இங்கே, இப்போது பேச வேண்டும் என்று அவள் நினைத்து வந்திருக்கவில்லை. "கிரைண்டருக்கு ஷீட்ல தேதி இருக்கு, கலர் இருக்கு. எனக்கு 'பாத்துக்கலாம்'."

"ஐயோ ஹம்சா, அது சும்மா இடம் காலியா இருக்கப்படாதேன்னு போட்டது."

"பதினேழு வருஷமா அப்படித்தான் போட்டுண்டிருக்கேள். மூணு வாரமா அவா நாட்டு சைட்டைப் படிச்சிண்டிருக்கேன். நீங்க கேப்பேள், சொல்லலாம்னு காத்திண்டிருந்தேன். பிசியோதெரபிஸ்ட் இல்லாம அங்க தவிக்கறா. ஐ.டி.காரா வாசல்ல க்யூவுல நிக்கறா. என் பேர்ல அப்ளிகேஷன் போடுங்கோ. நீங்க என்னோட வாங்கோ."

"அப்போ நான் யாரு?"

"டிபெண்டெண்ட்," என்று சகினா எடுத்துக் கொடுத்தாள்.

"சார், எனக்கு ஒரு மணிக்கு சாப்பாடு," என்றார் அதிகாரி.

கதவருகே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த உபைத்துக்குப் பொறுக்கவில்லை. "சரின்னு சொல்லு சார். டோக்கன் பூடுச்சுன்னா மறுபடியும் மொதல்லேர்ந்து வரணும். மேடம் சொல்றதும் நாயமாத்தான கீது."

சாய்சரணின் காது சிவந்திருந்தது. இவ்வளவு நாளும் அவளிடம் கேட்கத் தோன்றவே இல்லை என்பது அவனுக்கே அப்போதுதான் புரிந்தது. போனை எடுத்து அந்த வரிசையை வெட்டி, மேலே கொண்டுபோய் முதல் வரிசையாக ஒட்டினான்.

"கலர்?" என்றாள் அவள்.

"பச்சை."

"சம்மதம் மேடம்," என்று ஹம்சா பேனாவை வாங்கிக்கொண்டாள். மாலை போட்ட பெண் பின்னாலிருந்து கை தட்டினாள்.

மறுநாள் தி. நகரில் தௌசீஃப், ஹம்சாவின் பேரில் விசாவுக்கான புள்ளிகளைப் புதிதாகக் கூட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். "முதல் ஃபாரத்துல மேடத்தோட வேலைன்னு கேட்ட எடத்துல கோடு போட்டிருந்தீங்களே சார்! அதுல ஆறு மாசம் வீணாப் போச்சு."



பதினொரு மாதம் கழித்து மூவரும் நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரில் இறங்கினார்கள். ஹம்சா ரக்பி ஆடிப் பிய்த்துக்கொண்ட முழங்கால்களை நீட்டி மடக்க ஆரம்பித்தாள். சாய்சரணுக்கு ஐந்து மாதம் வேலை கிடைக்கவில்லை. சமைத்தான், துணி மடித்தான், பிரணவைப் பள்ளிக்குக் கொண்டுவிட்டான். ஹம்சாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவள் அப்பா வேதாந்தத்தின் பெயர் இருந்தது. குடும்பத் தலைவி அவள் என்பதால் பள்ளிக்கூடம் அவனை 'மிஸ்டர் வேதாந்தம்' என்றே எழுதியது. மாமனாரோடு அவன் பேசியது இதுவரை மொத்தம் நூறு வார்த்தை இருந்தால் அதிகம்.

திருத்தச் சொல்லி இரண்டு முறை போனான். "மன்னிக்கணும், மிஸ்டர் வேதாந்தம்" என்றார்கள். அதற்கு மூன்றாவது வாரம், பள்ளி வாசலில் மழைத் தூறலில் நின்றுகொண்டிருந்தபோது யாரோ பின்னாலிருந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் சட்டென்று திரும்பி, "யெஸ்?" என்றான்.