பூட்டிய வீடு

வங்கி நாற்காலியில் என் வீட்டுக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தச்சுப்பட்டறைக்குக் கேட்ட லோன் கிடையாதாம்.

"மரக்கடை பாக்கிக்கு உங்க மேல கோர்ட்டுத் தீர்ப்பு இருக்கு. இதைப் பார்த்தா யாரும் கடன் தர யோசிப்பாங்க," என்றார் மேனேஜர்.

"நான் நோட்டீஸே வாங்கலையே, சார். பாக்கி கேட்டு வர்றவங்களுக்குப் பண்ற மாதிரியே, கோர்ட்டு ஆள் வந்தப்பவும் முன்வாசலைப் பூட்டிட்டு, பின்பக்கமா வந்து உள்ளே உட்கார்ந்துக்கிட்டேன்."

இதைப் பெருமையாக வேறு சொல்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அதனாலதான் நீங்க இல்லாமலே தீர்ப்பு சொல்லிட்டாங்க. அந்தப் பாக்கியைக் கட்டியிருக்கலாமே?" என்றார் மேனேஜர்.

"கேஸ் போடறதுக்கு முன்னாடியே கட்டிட்டேனே, சார். ரசீதுகூட வீட்ல இருக்கு."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரையே பார்த்தார்.

"அதைக் கொண்டுவந்து காட்டத்தாங்க கோர்ட்டுல உங்களைக் கூப்பிட்டாங்க."