நவமியா, தசமியா

கணவன் நீலமேகத்தின் முதல் வருசத் திதிக்கு நாள் குறிக்க, வச்சலா அவனுடைய அண்ணன் பன்னீர்செல்வத்தோடு கோயிலுக்குப் போனாள்.

"இங்கிலீஷ் தேதியே போதும் சாமி. டெத் சர்ட்டிபிகேட்லயே கீது" என்றார் அவர்.

ஐயர் போன வருசத்துப் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "தேதி நடுராத்திரியில மாறும். திதி நிலாவோட கணக்கு, பட்டப்பகல்லயும் மாறும். அன்னிக்குக் காலையில பத்து மணி வரைக்கும் நவமி, அப்புறம் தசமி. உயிர் போன நேரத்துல எந்தத் திதியோ அதுலதான் செய்யணும். எப்போ போனாரும்மா?"

வச்சலாவுக்கு நேரம் தெரியாது. விடியற்காலையில் கடலில் படகு கவிழ்ந்தது. உடல் மறுநாள்தான் கரை ஒதுங்கியது. கவிழ்ந்த உடனேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று அவளாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நவமின்னே போடு சாமி" என்றார் பன்னீர்செல்வம்.

"இரு மாமா" என்று எழுந்துவிட்டாள்.

அன்று சமைக்கவும் முடியவில்லை, மீன் கூடையைத் தூக்கவும் முடியவில்லை. வீட்டுக்கும் தெருவுக்குமாக நடந்தாள். படகில் கூடப் போய் உயிரோடு திரும்பியவன் சூர்யா மட்டும்தான். அவளைக் கண்டால் வேறு தெருவில் திரும்பிப் போகிறவன். அவளும் அவனைக் கேட்டதில்லை.

சாயங்காலம் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவன் முன்னால் போய் நின்றாள்.

"எப்போடா போனாரு அவரு?"

அவன் நிமிரவில்லை. "இன்னாத்துக்கு அண்ணி இப்போ?"

"திதிக்கு நேரம் வேணும். படகு கவுந்தப்பவேவா?"

"இல்ல." வலையைக் கீழே போட்டான். "ரெண்டு பேரும் கேனைப் புடிச்சுகினு மெதந்தோம். வெயிலு உச்சிக்கு வந்துச்சு. லைட் அவுசு தெரிஞ்சுகினே இருந்துச்சு அண்ணி, போவத்தான் முடியல. ஒரு பெரிய அலை வந்துச்சு. அப்புறம் ஆளக் காணோம்."

"அதுவரைக்கும் பேசினாரா?"

"பேசிகினுதான் இருந்தாரு. ரிப்பேருக்குக் குடுத்த மிக்சி ஜாரை வாங்கியாரல, உங்க அண்ணி திட்டுவாடான்னாரு."

வச்சலா மணலில் உட்கார்ந்துவிட்டாள். அந்த உச்சிப்பொழுதில் அவள் ரோட்டோரம் வஞ்சிரம் விற்றுக்கொண்டிருந்தாள், யாரோ சொன்னதற்குச் சிரித்தது கூட ஞாபகம் இருந்தது.

"ஒரு வருசமா ஏண்டா சொல்லல?" கத்திவிட்டாள்.

"நீ கேக்கலியே அண்ணி. உடனே போயிட்டாருன்னு ஊரே சொல்லிச்சு. அதுவே உனக்கு நல்லதுன்னு இருந்துட்டேன்."

அவள் அழுதாள். பிறகு போனை எடுத்து ஐயரை அழைத்து, "தசமி சாமி" என்றாள்.

இந்த வருசம் தசமி, பன்னீர்செல்வம் சொன்ன இங்கிலீஷ் தேதிக்கு வெகுநாள் கழித்து வந்தது. அவர் முணுமுணுத்தாலும் எள்ளும் தண்ணீரும் அவரே இறைத்தார். வச்சலாவின் கால் அன்றும் ஓரிடத்தில் நிற்கவில்லை. சாப்பிட்டு எல்லோரும் போன பிறகு சூர்யாவும் எழுந்தான்.

"குந்துடா" என்றாள். "அவரு வேற இன்னா பேசினாரு? மொதல்ல இருந்து சொல்லு."