கதவு திறக்கிற கிழமை

கம்சாயினியின் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியதைக் கண்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறந்து இரண்டு கிழமையும் ஆகாத பிள்ளை. மாதம் நிரம்பாமல் வயிற்றைக் கீறி எடுத்த பிள்ளை. இரண்டு கிலோவும் இல்லை. அதை நெஞ்சோடு நெஞ்சாக, தோலோடு தோலாக வைத்துக்கொண்டு வீட்டை விட்டு அசையாமல் இரு என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவளும் ஓம் ஓம் என்று தலையாட்டினாள்.

மூன்று ஊருக்கு நான் ஒருத்தி மிட்வைஃப். முழங்கால் இரண்டும் எப்போதோ போய்விட்டன. கச்சான் காற்று மண்ணை அள்ளி முகத்தில் அடிக்கிறது. இந்த வெயிலில் தராசையும் பையையும் காவிக்கொண்டு ஸ்கூட்டியில் வந்தால், பூட்டு.

புருசன்காரன் டிலக்சனைக் கோயில் வளவில்தான் பிடித்தேன். மேல் சட்டை இல்லாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏணியில் நின்று தோரணம் கட்டிக்கொண்டிருந்தான். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு.

"எங்கடா பொண்டாட்டியும் புள்ளையும்?"

ஏணியிலிருந்து இறங்கினான். "அக்கரைக்கு, மாமி வீட்ட அனுப்பிட்டன் மிஸ். நாளைக்குக் கதவு திறக்கிறதானே."

எங்கள் பக்கத்தில் அம்மன் கோயில் கதவு வைகாசியில்தான் திறக்கும், வருசத்தில் அந்த ஒரு கிழமை. அது முடியும்வரை ஊருக்குள் துடக்கு, பிள்ளைப்பேற்றுத் தீட்டு, இருக்கக் கூடாதென்று, பிள்ளை பெற்றவளும் பெறப் போகிறவளும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வெளியூருக்குப் போய்விடுவார்கள். எனக்குத் தெரியாத கதையா? தெரிந்துதான் இவளிடம் போகாதே என்று சத்தியம் வாங்கியிருந்தேன்.

"புள்ளைக்கு ஒண்டெண்டா என்னடா செய்வாய்? வா என்னோட. இப்பவே போய்க் கூட்டிக்கொண்டு வருவம்."

"ஏலா மிஸ். காப்புக் கட்டினவன் எல்லை தாண்டப்படா. துடக்கும் தொடப்படா." அவனுடைய குரல் இறங்கியது. "போன வருசம் அவ வயித்தோட இஞ்சதான் இருந்தவ, எங்கயும் போகல்ல. அந்தப் புள்ள வயித்துக்குள்ளேயே செத்துப்போச்சு. இதாவது தங்கட்டுமெண்டுதான் நான் காப்பே கட்டின."

வாய்க்கு வந்த ஏச்சை விழுங்கிக்கொண்டேன். போன வருசம் அந்தப் பிள்ளையைத் துணியில் சுற்றி அவனுடைய கையில் கொடுத்தவளே நான்தான். என்னத்தைச் சொல்லி ஏசுவது?

அக்கரைக்குப் பொறுப்பான மிட்வைஃப் அஸீமாவுக்கு அடித்தேன். ஃபோனில் முதலில் கேட்டது ஒரு பிள்ளையின் அழுகை. அப்போதுதான் நினைவு வந்தது, அவளே பிள்ளை பெற்று லீவில் இருக்கிறாள்.

"எனக்குப் பதிலா இன்னும் ஒருத்தரையும் போடல்ல அக்கா. நான் வேணுமெண்டா…"

"நீ பேசாமப் படு," என்று சொல்லி வைத்துவிட்டேன். தாய்மாரைப் பார்க்கிறவள் தாயானால் அவளுடைய ஊருக்கு ஆள் இல்லை. நல்ல நாடு, நல்ல நிருவாகம்.

வாவியைக் கடக்க எங்களுக்குப் பாதைதான். பெரிய இரும்புத் தட்டு, எஞ்சின் பூட்டி ஓட்டுகிறார்கள். மனிசர், மோட்டார் சைக்கிள், ஆடு எல்லாம் ஒன்றாகத்தான் ஏறும். கச்சானுக்கு அது ஆடிய ஆட்டத்தில் ஒரு கையால் ஸ்கூட்டியையும் மறு கையால் கம்பியையும் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐம்பத்தாறு வயதில் இது எனக்குத் தேவையா என்று கேட்டுக்கொண்டேதான் போனேன். ஒவ்வொரு நாளும் கேட்கிற கேள்விதான்.

டிலக்சனின் அப்பாவோடு பிறந்த மாமி அன்னப்பூரணி நல்ல மனுசி. வாசலுக்கு ஓடி வந்து ஸ்கூட்டியைப் பிடித்தாள். வீடு நிறைய ஆட்கள். அவளுடைய புருசன், வளர்ந்த இரண்டு மகன்மார், எங்கள் ஊரிலிருந்து வந்த மூன்று பெண்கள். ஒருத்தி ஒரு மாதப் பிள்ளைக்காரி. மற்றவள் விதுர்ஷா, நிறைமாதம். மூன்றாவது ஆள் கம்சாயினி. கழுத்துவரை சட்டையைப் பூட்டிக்கொண்டு மூலையில் குந்தியிருந்தாள். பிள்ளை சேலையில் கட்டிய ஏணையில் கிடந்தது.

"நல்ல புள்ள மிஸ், சத்தமே இல்ல. நேத்திலருந்து ஒரே நித்திரை," என்றாள் அன்னப்பூரணி பெருமையாக.

மாதம் நிரம்பாத பிள்ளை சத்தமில்லாமல் கிடந்தால் அது நல்ல பிள்ளை இல்லை. உள்ளங்காலைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. இந்த வெயிலில், வியர்த்து வழிகிற வீட்டுக்குள், பிள்ளையின் கால் குளிர்கிறது! கன்னத்தைத் தட்டினேன், உதட்டைத் தடவினேன். கண்ணைத் திறக்கவில்லை, வாயைச் சப்பவில்லை.

"ஏன்டி இறக்கினாய்? நெஞ்சில வைக்கச் சொன்னன்தானே! எத்தின தரம் சொன்னன்!"

கம்சாயினி நிலத்தைப் பார்த்தபடி, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள். "எங்கட வீட்டயெண்டா வச்சிக்கிட்டுத்தான் மிஸ் இருந்தன். இஞ்ச மாமா இருக்காரு, பொடியனுகள் போறானுகள் வாறானுகள். சட்டையத் திறந்துபோட்டுட்டு எப்பிடி இருக்கிற?"

பயிற்சி வகுப்பில் பொம்மையை வைத்துக் காட்டித் தருவார்கள். பொம்மையை இப்படிக் கட்டு, தலையை இப்படித் திருப்பு என்று. வந்து தங்கிய வீட்டில் மாமா எங்கே இருப்பார் என்று ஒருவரும் காட்டித் தரவில்லை. பாவம், வெட்கத்தில் இறக்கி வைத்திருக்கிறாள்.

ஆண்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். அவளுடைய சட்டையைத் திறந்து பிள்ளையை உள்ளே வைத்து, அன்னப்பூரணியின் சேலையால் இருவரையும் சேர்த்துச் சுற்றினேன். பாலைப் பீச்சி இரண்டு சொட்டு உதட்டில் வைத்தேன். ஒன்று உள்ளே போனது, ஒன்று வழிந்தது. அம்புலன்சுக்கு அடித்தால், பாலத்தால் சுற்றி அக்கரைக்கு வர நேரம் எடுக்கும், நீங்கள் இக்கரைத் துறைக்கு வந்தால் கெதியாக ஏற்றலாம் என்றார்கள். சரி, பாதையேதான்.

ஆட்டோவில் அவளை ஏற்றித் துறைக்குக் கொண்டு வந்தேன். பாதையில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள். கம்சாயினி கூசிப்போய்ச் சேலையை இழுத்து இழுத்து மூடினாள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"எல்லாரும் அங்கால திரும்புங்க! தண்ணியப் பாருங்க! ஒருத்தரும் இஞ்சால திரும்பப்படா!"

எல்லாரும் திரும்பினார்கள். மீன் பெட்டியோடு நின்ற கிழவரும், எஞ்சின்காரனும்கூட. கரை வரும்வரை ஒருவரும் கழுத்தைத் திருப்பவில்லை. மனிசரைக் கேட்டால் செய்வார்கள் போலத்தான் இருக்கிறது. நாங்கள்தான் கேட்பதில்லை.

நடுவாவியில் பிள்ளையின் முதுகில் கையை வைத்துக்கொண்டே நின்றேன். மூச்சு வரும், நிற்கும், பிறகு வரும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் பாதத்தில் சுண்டினேன். கம்சாயினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயத்தை முகத்தில் காட்டாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கரை தட்டியது. அம்புலன்ஸ் மேலே வீதியில் நிற்கிறது. இவள் இறங்கவில்லை.

"ஊர் மண்ணில கால் வைக்க மாட்டன் மிஸ்."

"கம்சா, விளையாடாத. மூச்சு நிண்டு நிண்டு வருது."

"போன முறையும் நான்தான் மிஸ் பிழை விட்டன். திரும்ப ஏலா. அம்மாள் எடுத்திடுவா." கம்பியைப் பிடித்த கையை விடவே இல்லை.

டிலக்சன் கரையில் நின்றான். நான் வரும் வழியில் ஃபோனில் சொல்லியிருந்தேன். அவனுக்குப் பின்னால் கோயில் வண்ணக்கர் வினாயகமூர்த்தி, வெள்ளைச் சால்வையோடு. கோயிலை நடத்துகிற ஆள் அவர்தான். வந்திட்டார் மறிக்க என்று நான் சேலையை இழுத்துச் செருகினேன். இன்றைக்கு யாராக இருந்தாலும் ஒரு கை பார்ப்பது என்றே நின்றேன்.

அதற்கிடையில் டிலக்சன் தண்ணீருக்குள் இறங்கிவிட்டான். முழங்கால் தண்ணீரில் நின்று மனைவியைப் பார்த்தான், சேலைக்குள் தெரிந்த சின்னத் தலையைப் பார்த்தான். பிறகு காப்பைப் பல்லால் கடித்து அறுத்து வாவிக்குள் எறிந்தான்.

"தாங்க மிஸ்."

பிள்ளையை அவனுடைய வெறும் நெஞ்சில் வைத்துச் சேலையால் இறுக்கிக் கட்டினேன். கோயிலுக்கென்று சட்டை போடாமல் நின்றவனின் நெஞ்சு அடுப்படி போலச் சூடாக இருந்தது. அவன் திரும்பிப் பார்க்காமல் கரையேறி ஓடினான். பிள்ளை போனதும் கம்சாயினியின் கை கம்பியை விட்டது. தையல் நோவோடு தத்தித் தத்தி அவனுக்குப் பின்னால் போனாள்.

நான் வண்ணக்கரின் பக்கம் திரும்பினேன். "என்ன சொல்லப் போறீங்க? சொல்லுங்க!"

அவர் என்னைப் புதினமாகப் பார்த்தார். "நான் என்னத்தச் சொல்ற? துடக்கெண்டா செம்பில மஞ்சள் தண்ணி கரைச்சுத் தெளிச்சா முடிஞ்சுது. இந்தப் பச்சைப்புள்ளையோட ஆரு மிஸ் இவங்களப் போகச் சொன்ன?"

"நீங்கதானே!"

"நான் ஒரு நாளும் சொல்லல்ல. எல்லாரும் போறாங்க, போறாங்க. நான் கேக்கிறதுமில்ல."

கரையிலேயே குந்திவிட்டேன். ஒரு செம்பு மஞ்சள் தண்ணீர்! இதற்காகவா இத்தனை வருசமாகப் பச்சை உடம்போடு பெண்கள் வாவியைக் கடந்தார்கள்? இதற்காகவா நான் இந்த முழங்காலோடு அவர்களைத் தேடித் திரிந்தேன்? சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

"மைக்கில சொல்லுங்க," என்றேன். "இப்பவே போய்ச் சொல்லுங்க. போகத் தேவையில்லயெண்டு."

தலையைச் சொறிந்தார். "பாப்பம் மிஸ்."

பாப்பம் என்றால் இல்லை என்றுதான் இங்கே அர்த்தம். நான் எழும்பி மறுபடி பாதையில் ஏறினேன். அக்கரையில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஸ்கூட்டியும் அங்கேதான் நிற்கிறது.

நான் அன்னப்பூரணி வீட்டு வாசலில் கால் வைக்க, வாவிக்கு மேலால் கோயில் ஒலிபெருக்கி கேட்டது. பாட்டு நின்று, வண்ணக்கர் செருமினார். "அன்பான ஊர்மக்களே, புள்ளப்பெத்த ஆக்களும் வயித்துப்புள்ளக்காரரும் வீட்டிலேயே இருக்கலாம். ஊரை விட்டுப் போகத் தேவையில்லை. இது மிட்வைஃப் மிஸ் சொல்லச் சொன்னது." பழியைத் தூக்கி என் தலையில் போட்டுவிட்டார் மனுசன். போடட்டும்.

ஒரு மாதப் பிள்ளைக்காரி உடனே துணி மடிக்கத் தொடங்கினாள். விதுர்ஷா அசையவில்லை. "மிஸ் சொன்னதெண்டுதானே சொல்றாரு. அம்மாள் சொல்லல்லயே," என்றாள், வயிற்றைத் தடவிக்கொண்டு. அவளோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை. நாளைக்கும் பாதை ஏற வேண்டும், அவ்வளவுதான். அன்னப்பூரணி தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து இருந்தேன்.

வெயில் சாய்கிற நேரத்தில்தான் அது அடித்தது. டிலக்சன்.

"மிஸ்." அவனுடைய குரல் உடைந்திருந்தது. "காப்பக் கடிச்சு வாவிக்குள்ள எறிஞ்சிட்டன் மிஸ். அம்மாள் கோவிச்சிருப்பாவோ?"

"புள்ள எப்பிடிடா? அத முதல்ல சொல்லு!"

"கால் சூடாயிட்டு. இப்பதான் கண்ணத் திறந்தா. கம்சாட்ட பால் குடிக்கிறா மிஸ்."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தேன். விதுர்ஷா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"குடிக்கிறாளெண்டா அம்மாள் கோவிக்கல்லடா, மகனே."