ஒன்பது சிலிண்டர் மேசை

பன்னிரண்டு மணிக்கு லாரி வரும். ஓட்டல்காரருக்கு வாக்குக் கொடுத்தவன் நான்தான். என் பழைய இரும்புக் கடையில் நான்கு வருடமாக இடத்தை அடைத்துக்கொண்டிருந்த விமான எஞ்சினை அவர் வரவேற்பறையில் படுக்கவைத்து, மேலே கண்ணாடி போட்டு மேசையாக்கப் போகிறார். இதைவிட நல்ல வரன் அமையுமா? ஆனால் அந்த நான்கு வருடமும் அதைக் கழற்றித் துடைத்துப் பூட்டியவள் என் மனைவி. "லாரி வர்றதுக்குள்ள ஓடிட்டா, இது மேசை இல்ல. சரியா?" என்றாள். ஓடாத சரக்கு என்ற தைரியத்தில் தலையாட்டினேன்.

நடுவிலிருந்து சுற்றிலும் விரிந்த ஒன்பது சிலிண்டர்கள். குளிரவைக்கத் தண்ணீர் கிடையாது, காற்றுதான். அதற்காக ஒவ்வொன்றின்மேலும் சீப்புப் பல் போல நெருக்கமாகத் தகடுகள். தரையோடு போல்ட் அடித்த சட்டத்தில் நிறுத்தி, முன்னால் விசிறியும் மாட்டியிருந்தாள்.

பதினொன்றே முக்காலுக்கு விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்த மச்சான் பாதியில் நின்றான். "மாமா, கட்டை மாதிரி நிக்குது. ஒரு கை குடுங்க, தள்ளிடலாம்."

இருவரும் தோள் கொடுத்தோம்.

"கைய எடுங்க ரெண்டு பேரும்!" ஸ்பேனரோடு ஓடிவந்தாள். "அடி சிலிண்டர்ல எண்ணெய் இறங்கி நிக்குது. தள்ளினா உள்ள தண்டு வளைஞ்சிடும். நான் அளந்துதானே ஊத்தினேன்?"

அவள் படும் பாட்டைப் பார்த்து, நேற்று மனசு கேட்காமல் நான்தான் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றியிருந்தேன். "கொஞ்சம்... கொசுறு."

"எஞ்சினுக்குமா?"

"அக்காவைக் குடுத்து என்னையும் கொசுறாப் போட்டாங்கல்ல, அந்தப் பழக்கம்" என்றான் மச்சான்.

அவள் சிரிக்கவில்லை. அடியில் இருந்த மூன்று சிலிண்டர்களின் பிளக்குகளையும் கழற்றினாள். கறுப்பாய் எண்ணெய் கொட்டியது. தகர டின்னை ஏந்திக்கொண்டு நின்றேன். நிற்கவே மாட்டேன் என்பதுபோல் கொட்டியது. அப்போது கேட்டுக்கு வெளியே ஹாரன் சத்தம். அவள் முகம் சுருங்கிப் போனதைப் பார்த்தேன். டின்னை மச்சான் கையில் திணித்துவிட்டு ஓடிப்போய்க் கேட்டின் தாழ்ப்பாளைப் போட்டேன். வாசல் தாண்டாத சரக்கு வந்த சரக்கில்லை. எங்கள் தொழிலில் அதுதான் சட்டம், லாரிக்கும் சேர்த்து.

"என்னய்யா, திற!" கேட்டுக்கு மேலே ஓட்டல்காரரின் தலை, கையில் அளவு நாடா.

"தாழ்ப்பாள் இறுகிடுச்சு சார், ஒரு நிமிஷம்!"

பின்னால் பிளக்குகளைப் பூட்டும் சத்தம். விசிறி இப்போது வழுக்கிக்கொண்டு சுற்றியது. பேட்டரியை இணைத்தார்கள். ஒரு இருமல். நீலப் புகை. ஒரு சிலிண்டர் உயிர்பெற்றது, பிறகு இரண்டு, மூன்று. ஐந்துக்கு மேல் என்னால் எண்ண முடியவில்லை. தகரக் கூரை அதிர்ந்தது, என் பல்லும் அதிர்ந்தது. ஓட்டல்காரர் வாயைத் திறந்து திறந்து மூடினார். வியாபாரத்தில் ஆயிரம் முறை காது கேட்காதவன்போல் நடித்திருக்கிறேன். அன்று நிஜமாகவே கேட்கவில்லை.

என் மனைவி வேகத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினாள். அவர் கையிலிருந்த நாடா காற்றில் சரசரவென்று நீண்டு, லாரியின் கூரைக்கு மேலே மஞ்சளாய்த் துடித்தது.